பார்த்ததுக்கு எதுக்கு சார் காசு?

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. சென்னை கோயம்பேடு பக்கமோ, கோவை காந்திபுரத்திலோ, மதுரை காளவாசலிலோ சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். டேஷ்போர்டில் அதுவரை நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்த டெம்பரேச்சர் முள், மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கிறது. பச்சை விழுகிறது. வண்டி நகர்கிறது. ரெண்டு கிலோமீட்டர் காற்று வாங்கியதும் முள் பழையபடி நடுவில். அடுத்த சிக்னலில் நின்றால், திரும்பவும் ஏறுகிறது.

நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, உங்கள் கார் வாயைத் திறந்து பேசிவிட்டது. 'ஓடும்போது நல்லா இருக்கேன். நின்னா கொதிக்குது.' வியாதி என்ன என்று அதுவே முக்கால்வாசி சொல்லிவிட்டது. டாக்டரிடம் போய் 'சாப்பிட்டா வயிறு வலிக்குது, சும்மா இருந்தா வலிக்கல' என்று சொல்கிற நோயாளி மாதிரி.

ஆனால் யார் கேட்கிறார்கள்?

ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் நடக்கிற கதையை நான் சொல்லவே வேண்டாம். உங்களில் பாதிப் பேர் அனுபவித்திருப்பீர்கள். முதல் வாரம் கூலன்ட் மாற்றுவார்கள். சரியாகாது. இரண்டாவது வாரம், 'தெர்மோஸ்டாட் வால்வு போயிடுச்சு சார், நம்ம ஊருக்கு அது தேவையே இல்லை' என்று கழற்றித் தூக்கி எறிவார்கள். சரியாகாது. மூன்றாவது, வாட்டர் பம்ப். நாலாவது, ரேடியேட்டர். கடைசியாக, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, 'ஹெட்டை இறக்கிப் பார்த்துடலாம் சார்.'

எல்லாம் முடிந்து பில் பல ஆயிரங்களைத் தாண்டிய பிறகு, யாரோ ஒரு எலெக்ட்ரீஷியன் வந்து, சில நூறு ரூபாய் ரிலே ஒன்றை மாற்றுவார். முள் நடுவில் போய் உட்காரும்.

இதை எல்லோரும் 'என் கெட்ட நேரம்' என்று சொல்லிக்கொள்கிறோம். கெட்ட நேரமெல்லாம் இல்லை. யோசிக்காமல் வேலை செய்கிற ஒரு தொழில் முறையை நாமே காசு கொடுத்து வளர்த்து வைத்திருக்கிறோம். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

* * *

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

நீங்கள் போடுகிற பெட்ரோலில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்ஸர் வழியாக வெளியே போகிறது. மிச்சம் இன்ஜினைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை இன்ஜினுக்குள் ஓடும் கூலன்ட் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று புகுந்து, அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. அதாவது இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டங்கள். ஒன்று தண்ணீர் ஓட்டம். இன்னொன்று காற்று ஓட்டம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று ஓட்டத்துக்கு யாருடைய தயவும் வேண்டாம். எதிர்க்காற்றே முகத்தில் அறைந்து ரேடியேட்டருக்குள் நுழைந்துவிடும். சிக்னலில் நின்றால்? எதிர்க்காற்று கிடையாது. அப்போது காற்றை இழுத்துக் கொடுக்க இருக்கிற ஒரே ஆள், ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன்.

இப்போது கார் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். ஓடும்போது சரி, நின்றால் கொதிக்கிறது. அப்படியென்றால் வேகமாகப் போகும்போது இருந்து, நிற்கும்போது இல்லாமல் போவது எது? காற்று! ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று ஓட்டத்தை. ஐந்தாம் கிளாஸ் பையனுக்குச் சொன்னால் புரிந்துகொள்வான்.

இதற்கு நேர்மாறான கேஸும் உண்டு. ஊருக்குள் சரியாக இருந்து, ஹைவேயில் வேகம் பிடித்தாலோ மலை ஏறினாலோ கொதிக்கிற வண்டி. அங்கே காற்று தாராளமாக இருக்கிறது. சூடு அதிகம் உற்பத்தியாகிறது, தண்ணீர் அதைச் சுமந்து தீர்க்கவில்லை. அடைத்துப்போன ரேடியேட்டர், முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் என்று அங்கே தேட வேண்டும். நின்றாலும் ஓடினாலும் கொதிக்கிறது என்றால் கூலன்ட் குறைவு, மூடியபடி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட் என்று வேறு வரிசை.

மூன்று விதக் கொதிப்பு, மூன்று வேறு முகவரி. 'எப்ப சார் ஹீட் ஆகுது?' என்ற ஒரே கேள்வியில் மூன்றில் இரண்டு முகவரிகளைப் பெரும்பாலும் அடித்துவிடலாம். அந்தக் கேள்வியை உங்களிடம் கடைசியாகக் கேட்ட மெக்கானிக் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

* * *

சரி, எப்படிப் பார்ப்பது? இதை ஒர்க்‌ஷாப் போவதற்கு முன்னால் நீங்களே வீட்டு வாசலில் செய்யலாம்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். சரியாக இருந்தால் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பானெட்டைத் திறந்து வையுங்கள். ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான சின்ன கார்களில் ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றுகிறதா? பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபேன் உள்ள வண்டி என்றால் எது சுற்றுகிறது, எது தூங்குகிறது என்று கவனியுங்கள். ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றும். துப்பட்டா, முந்தானை, விரல் எதுவும் பக்கத்தில் போகக்கூடாது.

அடுத்து ஏசியை அணைத்துவிட்டு, இன்ஜினை ஐடிலிலேயே ஓட விடுங்கள். கண் முள்ளின் மேலேயே இருக்கட்டும். பல கார்களில் கூலன்ட் 95 டிகிரியை ஒட்டி வரும்போது ஃபேன் தானாகக் கிளம்பும். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நிற்கும். திரும்பக் கிளம்பும். முள் நடுவைத் தாண்டி ஏறியும் ஃபேன் அசையவில்லை என்றால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். விடை கிடைத்துவிட்டது.

ஏசிக்குச் சுற்றுகிற அதே ஃபேன் சூட்டுக்குச் சுற்றவில்லையா? மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. 'சூடாகிவிட்டது, கிளம்பு' என்று தகவல் சொல்ல வேண்டிய டெம்பரேச்சர் சென்சாரோ, பழைய வண்டி என்றால் ரேடியேட்டரில் இருக்கும் ஃபேன் ஸ்விட்சோ, அதன் ஒயரோதான் முதல் குற்றவாளி.

இரண்டுக்குமே சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, கனெக்டர், எர்த் ஒயர், மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தால் அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது 10 செகண்டில் தெரிந்துவிடும். இதை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் கொதிக்கிறதா? அப்போதும் காற்றை விட்டுவிடாதீர்கள். பிரஷ் தேய்ந்த மோட்டார் சுற்றும், ஆனால் சோம்பேறித்தனமாகச் சுற்றும். மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளும். முன்பக்க கிரில்லில் ஒரு தாளைக் காட்டிப் பாருங்கள். உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்தால் கதை கந்தல். ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூண்டு உடைந்திருந்தாலும், 'எதுக்கு இது' என்று யாராவது கழற்றி வைத்திருந்தாலும், ஃபேன் ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை இழுக்காது. முன்னால் இருக்கும் ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே புழுதி, பூச்சி, பிளாஸ்டிக் கவர் என்று ஒரு குப்பைத் தொட்டியே இருக்கலாம். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. நின்றால் ஏசி காற்று சூடாக வந்து, வண்டி ஓடினால் ஜில்லென்று ஆகிறதா? ஏசி கேஸ் நிரப்பும் முன்னால் ஃபேனைப் பாருங்கள். கண்டென்ஸருக்கும் அதே காற்றுதான். இரண்டு வியாதியும் சேர்ந்து வந்தால், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஜீப் வகை வண்டி, பெரிய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் ஃபேனில் பலவற்றுக்கு மோட்டாரே கிடையாது. இன்ஜினே பெல்ட் மூலமாகச் சுற்றுகிறது. நடுவில் சிலிக்கான் எண்ணெய் அடைத்த விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். இன்ஜின் ஆஃப் செய்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நன்றாகச் சூடாக இருந்த வண்டியின் ஃபேனைச் சுற்றிப் பார்த்தால் பிடித்தம் தெரிய வேண்டும். விட்டதும் பம்பரமாகச் சுற்றிக்கொண்டே போனால் கிளட்ச் செத்துவிட்டது. எண்ணெய் கசிந்த அடையாளமும் அதன் மேலேயே இருக்கும்.

காற்றுப் பக்கம் எல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர்ப் பக்கம் வர வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஸ்பிரிங் பாருங்கள். அந்த மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. சுமார் 15 பவுண்டு அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி லூஸ் என்றால் அந்தப் பாதுகாப்பு போச்சு. பெல்ட் லூஸா, கூலன்ட் மாற்றியபோது உள்ளே காற்று மாட்டிக்கொண்டதா, வாட்டர் பம்ப் இறக்கை அரித்துவிட்டதா என்று ஒவ்வொன்றாக. ஐடிலில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றுகிறது, அதனால் பலவீனமான பம்ப் முதலில் அங்கேதான் மாட்டும். கூலன்டில் விடாமல் குமிழி, சைலன்ஸரில் நிற்காத வெள்ளைப் புகை, காரணம் தெரியாமல் குறைகிற தண்ணீர், டீ மாதிரி வெளுத்த ஆயில்... இவற்றில் ஏதாவது இருந்தால்தான் ஹெட் கேஸ்கெட் பேச்சையே எடுக்க வேண்டும்.

பார்த்தீர்களா? இதுவரை நான் சொன்னதில் பெரும்பகுதிக்குச் செலவு கிடையாது. தேவையான ஆயுதம் இரண்டு கண், ஒரு தாள், ஒரு டெஸ்ட் லாம்ப். நேரம் ஒரு மணி. செலவு இல்லாததில் ஆரம்பித்து, செலவானதில் முடிய வேண்டும். நம் ஊரில் தலைகீழாக நடக்கிறது.

* * *

இப்போது சில வீர தீரச் செயல்களைப் பார்ப்போம்.

ஒன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. 'அதெல்லாம் குளிர் தேசத்துக்காரன் கண்டுபிடிச்சது சார். நம்ம வெயிலுக்கு எதுக்கு?' இந்த வசனத்தைப் படித்தவர்களே நம்புகிறார்கள். தெர்மோஸ்டாட் வெளிநாட்டுப் பனிக்காக வைத்தது இல்லை. இன்ஜினுக்கு ஒரு சரியான சூடு வேண்டும். அது சுமார் 85, 90 டிகிரி. நம் ஊர் வெயில் 42 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி சூடேற நேரம் எடுத்துக்கொள்ளும், அதிகம் பெட்ரோல் குடிக்கும், சீக்கிரம் தேயும். இதைவிட வேடிக்கை, சில இன்ஜின்களில் அந்த வால்வுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வரும். சூடு குறைய வேண்டும் என்று செய்த வைத்தியம், சூட்டை அதிகமாக்கும்.

இரண்டு, ஃபேனை 'டைரக்ட்' பண்ணுவது. சாவி போட்டதும் ஃபேன் சுற்றுகிற மாதிரி ஒயரிங் செய்துவிடுவார்கள். ராத்திரி 11 மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி நின்றுவிட்ட வண்டியை ஊர் சேர்க்க இதைச் செய்தால் நான் கைதட்டுவேன். அது சாமர்த்தியம். ஆனால் அதையே நிரந்தர ரிப்பேர் என்று பில் போட்டால் அது மோசடி. சென்சாரோ ரிலேயோ கெட்டது கெட்டபடியே கிடக்கும். மோட்டார் நாள் முழுக்கச் சுற்றிச் சீக்கிரம் சாகும். அன்றைக்கு நீங்கள் சிக்னலில் நிற்கும்போது, உங்களைக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

மூன்று, போர் தண்ணீர். 'கூலன்ட் எல்லாம் ஏமாத்து வேலை, பச்சைத் தண்ணி ஊத்துங்க.' அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் உப்புத் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்று வீட்டு பாத்ரூம் ஷவரைப் பாருங்கள். துளை துளையாக அடைத்துக்கொண்டு வெள்ளை பூத்திருக்கிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும். கூலன்ட் கொதிநிலையைக் கூட்டுகிறது என்பது பாதிதான். துருப் பிடிக்காமல், அலுமினியத்தை அரிக்காமல் காப்பதுதான் அதன் பெரிய வேலை.

* * *

இனி வழக்கமாக இந்த மாதிரி கட்டுரைகள் எங்கே போகும்? 'மெக்கானிக்குகள் எல்லாம் ஃபிராடு' என்று முடியும். நான் அங்கே போகப் போவதில்லை. ஏனென்றால் முதல் குற்றவாளி கண்ணாடியில் தெரிகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மெக்கானிக் இருக்கிறார். நேர்மையானவர். உங்கள் காரை ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தி, ஐடிலில் ஓடவிட்டு, டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்து, 'ரிலே போயிருக்கு சார்' என்கிறார். ரிலே 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1,000 ரூபாய் பில் கொடுக்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

'என்னப்பா, 300 ரூபா ஐட்டத்துக்கு ஆயிரமா? சும்மா பார்த்ததுக்கு எதுக்கு காசு?'

பக்கத்துப் பட்டறையில் இன்னொருவர். யோசிக்காமல் ரேடியேட்டரையும் பம்பையும் மாற்றுகிறார். 12,000 ரூபாய் பில். பழைய ரேடியேட்டரைக் காட்டி, 'எப்படி அழுக்கு பாருங்க சார்' என்கிறார். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு கொடுத்துவிட்டு வருகிறீர்கள். ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சாமான் கைமாறியிருக்கிறது!

முதல் மெக்கானிக் அன்றைக்கு எடுத்துக்கொண்ட பாடம் என்ன? யோசித்தால் திட்டு. மாற்றினால் காசு. அடுத்த கார் வரும்போது அவர் டெஸ்ட் லாம்பைத் தொடுவாரா, ஸ்பேனரைத் தொடுவாரா?

டாக்டர் ஐந்து நிமிடம் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமில்லை, மாத்திரை வேண்டாம்' என்றால்கூட ஃபீஸ் கொடுக்கிறோம். வக்கீல் வாயைத் திறந்தால் கொடுக்கிறோம். ஜோசியர் கட்டத்தைப் பார்த்தால் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிறோம். கையில் கிரீஸ் இருக்கிறவன் மட்டும் யோசித்ததற்குக் காசு கேட்கக்கூடாது! அவன் மூளைக்கு நாம் வைத்திருக்கும் விலை பூஜ்ஜியம். அது நம்முடைய பழைய வியாதி. கையால் வேலை செய்கிறவனுக்குத் தலை இருக்கிறது என்பதையே ஒத்துக்கொள்ளாத வியாதி. அந்த வியாதிக்கான பில்தான் உங்கள் கையில் இருக்கும் 12,000 ரூபாய்.

* * *

இரண்டாவது குற்றவாளி கோட்டு சூட்டில் இருக்கிறார்.

ஒரு மெக்கானிக் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவருக்கு அந்த வண்டியின் ஒயரிங் படம் வேண்டும். எந்தச் சூட்டில் ஃபேன் கிளம்ப வேண்டும் என்ற எண் வேண்டும். கம்ப்யூட்டரோடு பேசுகிற கருவி வேண்டும். இதெல்லாம் தெரு முனையில் இருக்கிறவருக்குக் கிடைக்கிறதா?

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். குற்றம் என்ன? ஸ்பேர் பார்ட்ஸையும், ரிப்பேர் புத்தகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தது. அவற்றை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது ஆணையம். கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? அப்பீலுக்குப் போனார்கள். 2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஒரு கமிட்டி போட்டது. அதே வருஷம் டிசம்பரில் அதற்கென்று ஒரு இணையதளமும் திறந்தது. கார்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்லது. ஆனால் உங்கள் தெரு மெக்கானிக்கிடம் போய், 'உங்ககிட்ட என் வண்டியோட ஒயரிங் படம் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சிரிப்பார்.

இன்னொரு அநியாயம். பல புதிய கார்களில் டெம்பரேச்சர் முள்ளையே எடுத்துவிட்டார்கள். முள் போய், விளக்கு வந்துவிட்டது. சிவப்பு எரிந்தால் 'சூடாகிவிட்டது' என்று அர்த்தம். 'சூடாகிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லத்தான் முள். அந்த ஐந்து நிமிட முன்னெச்சரிக்கைதான் 300 ரூபாய் ரிலேவுக்கும், கோணிப்போன அலுமினிய ஹெட்டை லேத்தில் கொடுத்து வழிக்கிற செலவுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம். சன்ரூஃப் வைக்கக் காசு இருக்கிறது. ஒரு முள் வைக்க இல்லையா?

* * *

சரி, நாம் என்ன செய்யலாம்?

வண்டி சிக்னலில் கொதித்தால் முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்து ஃபேனை வேகமாக வையுங்கள். வேர்க்கும். வேர்க்கட்டும். இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உங்கள் பக்கம் வந்துவிடும். ஓரம் கட்டி, அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். அது குக்கரை விசில் அடிக்கும்போது திறப்பதற்குச் சமம். முகமும் கையும் வெந்துபோகும். இன்ஜின் மேல் பக்கெட் தண்ணீரைக் கொட்டவும் கூடாது. சூடான உலோகம் விரிசல் விடும். நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டுகிற அந்த ரெண்டு கிலோமீட்டர்தான் இன்ஜினைக் கொல்கிறது. இன்னொன்று, கூலன்ட் சுத்தமாக வற்றிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு முள்ளைக் கீழே காட்டலாம். முள் கீழே இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் 'ஹீட் ஆகுது' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். 'நின்னா ஏறுது, ஓடினா இறங்குது. ஏசி போட்டா ஃபேன் சுத்துது, சூட்டுக்குச் சுத்தலை' என்று சொல்லுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால், 'இதுதான்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?' என்று மரியாதையாகக் கேளுங்கள். சோதனை செய்தவர் காட்டுவார். செய்யாதவர் கோபப்படுவார். அந்தக் கோபமே உங்களுக்கு பதில். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, 'பெரிசா ஒண்ணுமில்ல சார், ஒரு ஒயர் லூஸ். மாட்டிட்டேன்' என்று சொன்னால், அவருக்கு முழு மணி நேரத்துக்கும் காசு கொடுங்கள். பேரம் பேசாதீர்கள். மாற்ற வேண்டாத ரேடியேட்டரை மாற்றாமல் விட்டதற்கான கூலி அது. உங்கள் நண்பர்கள் நாலு பேரிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் பட்டினி கிடந்தால், நாளைக்கு இந்த ஊரில் டெஸ்ட் லாம்ப் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் மிஞ்ச மாட்டார்கள். ஸ்பேனர் பிடிப்பவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

அப்புறம் சிக்னலில் கொதித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். காரும், நாமும்.